வேலை செய்யாத மாசத்துச் சம்பளம்



ரொம்ப நாளா மனசுல ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கு. 15,750 ரூபாய் கணக்கு. பெரிய தொகை இல்லை. ஆனா இந்த ஊரடங்கு வருஷத்துல நான் என்ன மாதிரி ஆளா இருந்தேன்னு யோசிச்சா, முதல்ல ஞாபகம் வர்றது அந்தத் தொகைதான்.

மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட்ல மூணு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கோம். மூணு பேரும் ஐடி. சமையலுக்கு ஒரு அக்கா வருவாங்க. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல வீடு. வீட்டுக்காரர் பெயிண்டர், பையன் பத்தாவது. காலையில பஸ் பிடிச்சு வந்து எங்களுக்கு டிபனும் மதியச் சாப்பாடும் செஞ்சு வெச்சுட்டு, அதே தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போவாங்க. எங்க வீட்டுச் சம்பளம் மாசம் 4,500. ஆளுக்கு 1,500.

சஷ்டி, கிருத்திகைன்னா எனக்கு மட்டும் வெங்காயம் பூண்டு இல்லாம தனியா செய்வாங்க. நான் நாள் சொன்னதே கிடையாது. காலண்டரைப் பார்த்து அவங்களே வெச்சிருப்பாங்க. மத்த ரெண்டு பேருக்கும் முட்டைக் குழம்பு கிண்டின கரண்டியை என் பாத்திரத்துப் பக்கம் கொண்டுவர மாட்டாங்க. "தம்பி விரதம்"னு அவங்க சொல்ற விதத்துலயே ஒரு மரியாதை இருக்கும். என் விரதத்துல பாதி வேலை அவங்களோடதுன்னு அப்போ எனக்குத் தோணினதே இல்லை.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் 5 மணிக்கு எல்லாரும் பால்கனிக்கு வந்து கை தட்டினோம், எவர்சில்வர் தட்டைத் தட்டினோம். மறுநாள் எங்க குடியிருப்புச் சங்கத்துல இருந்து வாட்ஸ்அப்ல அறிவிப்பு: வீட்டு வேலைக்கு வர்றவங்களை இனி கேட்டுக்குள்ள விடுறதில்லை. நான்தான் அக்காவுக்கு போன் பண்ணேன். "சரி தம்பி, பத்திரமா இருங்க. மாவு ரெண்டு நாளைக்கு வரும், புளிக்கிறதுக்குள்ள ஊத்திடுங்க"ன்னாங்க. 24-ஆம் தேதி ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார். 21 நாள். பஸ் நின்னுச்சு.

ஆரம்பத்துல நல்லா இருந்துச்சுன்னு ஒத்துக்கணும். யூடியூப் பார்த்துச் சமைச்சோம். அயர்ன் பண்ற பலகையை நிமிர்த்தி அது மேல லேப்டாப் வெச்சு வேலை பார்த்தேன். மேடவாக்கம் மெயின் ரோட்டுல குயில் சத்தம் கேட்டுச்சு, அதை அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்லை. காலையில குளிச்சு, விளக்கேத்தி, கந்தர் அலங்காரம் முழுசும் படிக்க நேரம் கிடைச்சுது. ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுற நாள்ல நாலு பாட்டைத் தாண்டினதில்லை. வடபழனி கோயில் நடை சாத்தியிருந்தாங்க, அது ஒண்ணுதான் குறை. ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு லைட்டை அணைச்சு 9 நிமிஷம் அகல் விளக்கு ஏத்தினப்போ, நான் அது பக்கத்துலயே சின்ன வேல் ஒண்ணையும் வெச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

அந்தச் சமயம் ஒரு ஃபார்வர்டு சுத்துச்சு, உங்களுக்கும் வந்திருக்கும். இந்த ஊரடங்கே கடவுள் நமக்குக் கொடுத்த விரதம், வெளியே போகாம, ஆசையை அடக்கி, உள்ளே திரும்பிப் பார்க்கச் சொல்றார்னு. ரொம்பப் பிடிச்சுப்போய் நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 20-லிருந்து எனக்கு வேலை இல்லை. வேலை போகலை, வேலை இல்லை, அவ்வளவுதான். எங்க புராஜெக்ட் விமான டிக்கெட் பதிவு சம்பந்தப்பட்டது. உலகத்துல விமானமே பறக்கலைன்னா அதுல என்ன பக் சரி பண்றது? கிளையன்ட் புராஜெக்டை நிறுத்தி வெச்சாங்க, என்னை பெஞ்சுக்கு மாத்தினாங்க. ஐடி பக்கம் இல்லாதவங்களுக்கு: பெஞ்சுன்னா கையில புராஜெக்ட் இல்லாம சம்பளம் வாங்கிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருக்கிறது. காலையில லாகின் பண்ணணும், ஏதோ ஆன்லைன் பயிற்சி பார்த்ததா டிக் பண்ணணும். ஒன்பது வாரம் அப்படி இருந்தேன். பயமா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. எங்க பேட்ச்ல வேற கம்பெனியில இருந்த ரெண்டு பேருக்கு வேலை போயிடுச்சு. ஆனா எனக்கு ரெண்டு மாசமும் முழுச் சம்பளம் வந்துச்சு. 96,000 ரூபாய். அதுக்கு நான் செஞ்ச வேலைன்னு காட்ட ஒரு வரி கோடு கூட கிடையாது.

இப்போ அந்த மே மாசக் கடைசிக்கு வரேன்.

அக்காவுக்கு மார்ச் சம்பளமும் ஏப்ரல் சம்பளமும் முழுசா கொடுத்துட்டோம். மே மாசத்துக்கு என்ன பண்றதுன்னு ஹால்ல உக்காந்து பேசினோம். ஒரு ரூம்மேட்டுக்கு அவன் கம்பெனியில 25 சதவீதம் சம்பளம் குறைச்சிருந்தாங்க. அவன் சொன்னான், "குடுத்துடலாம் மச்சி, ஆயிரத்து ஐநூறுதானே." இன்னொருத்தன் எதுவும் சொல்லலை. வேண்டாம்னு பேசினது நான். ஒன்பது வாரம் பெஞ்சுல இருந்தவன்.

என்னென்ன சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. ரேஷன் கார்டுக்கு அரசு 1,000 ரூபாயும் அரிசியும் கொடுத்திருக்கு. நாம மட்டும் அவங்களுக்கு முதலாளி இல்லை, இன்னும் ரெண்டு வீடு இருக்கு. சமையலை நாமளே செய்றோம், அந்த உழைப்புக்கு யார் காசு தருவா? இது எப்போ முடியும்னே தெரியாது, இப்படியே எத்தனை மாசம் கொடுக்கிறது? மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29-ல போட்ட உத்தரவைக் கூட இழுத்தேன். ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காம கொடுக்கணும்னு அதுல இருந்துச்சு, ஆனா தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம்னுதான் இருந்துச்சு, வீடுன்னு இல்லை. அதுவும் மே 18-லிருந்து நடப்புல இல்லை. கடைசியா, "வேலை செய்யாம எப்படிடா சம்பளம்?"னு கேட்டேன். யாரும் பதில் சொல்லலை. நல்லா பேசி ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

மே மாசத்துக்குப் பாதி, 2,250. ஜூனுக்கு ஒண்ணும் இல்லை. ஸ்ப்ளிட்வைஸ்ல அந்த வரியை நான்தான் எடுத்தேன்.

அடுத்த வாரமே வைகாசி விசாகம் வந்துச்சு. ஒரு அன்னதான நிதிக்கு 2,000 ரூபாய் அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ்ல வெச்சேன். நிறைய பேர் கை கூப்பினாங்க. இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. அக்காவுக்குக் குறைச்ச 2,250-ல என் பங்கு 750. அன்னதானத்துக்குக் கொடுத்தது 2,000. அப்போ நான் கஞ்சத்தனம் பண்ணலை, அதைவிட மோசமா ஏதோ பண்ணியிருக்கேன். முகம் தெரியாத ஒருத்தர் பசிக்கு மனசு வந்த எனக்கு, என் விரதச் சாப்பாட்டைத் தனியா எடுத்து வெச்சவங்களுக்கு மனசு வரலை. ஏன்? முன்னதுல நான் கொடுக்கிறவன். பின்னதுல நான் வெறும் கடன்காரன். கடனைத் திருப்பிக் கொடுத்துட்டு ஸ்டேட்டஸ் போட முடியாதே.

ஜூலையில சங்கம் தடையை எடுத்துச்சு. பஸ் மட்டும் ஓடலை. அக்கா போன் பண்ணாங்க. "ஆட்டோவுல வந்துடுறேன் தம்பி, போக வர ஆட்டோக் காசு மட்டும் சேர்த்துக் குடுக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க. "பார்க்கலாம்க்கா"ன்னேன். வீட்டுல சொல்லக் கூட இல்லை. எனக்கு அப்போ தோசை நல்லா வர ஆரம்பிச்சிருந்துச்சு.

செப்டம்பர் 1-ஆம் தேதி ரெண்டு விஷயம் ஒரே நாள்ல நடந்துச்சு. தமிழ்நாட்டுல பெரிய கோயில்கள் திறந்தாங்க. சென்னையில மாநகரப் பஸ்ஸும் ஓடுச்சு. அன்னைக்குக் காலையில நான் வடபழனிக்குப் போனேன். கையில சானிடைசர், தரையில வட்டம், தூரத்துல இருந்து தரிசனம். அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு, கண்ணு கலங்கிடுச்சு. திரும்பி வரும்போது மெயின் ரோட்டுல பெரும்பாக்கம் பஸ் தாண்டிப் போச்சு. அரை பஸ் ஆள். அப்போதான் அக்கா ஞாபகமே வந்துச்சு. எந்த எண்ணத்தோட ஞாபகம் வந்துச்சுன்னா, "அப்பாடா, இனிமே அக்கா வரலாம்."

போன் பண்ணேன். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு வீட்டுல முழு நாள் வேலைக்குச் சேர்ந்துட்டாங்களாம். "உங்களுக்கு வேற யாராச்சும் பார்த்துச் சொல்லட்டுமா தம்பி?"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னு.

அந்தக் கோபம்தான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. எனக்கு என்ன உரிமை இருக்குன்னு கோபம் வந்துச்சு? அவங்க நமக்குன்னு காத்திருக்கணும், பஸ் விட்டதும் வரணும்னு நான் எதிர்பார்த்திருக்கேன். அதுக்குப் பேர் என்ன? அதுதானே பெஞ்ச். எனக்குக் கம்பெனி ஏன் ஒன்பது வாரம் சம்பளம் கொடுத்துச்சு? என் மேல பாசத்துலயா? விமானம் திரும்பப் பறக்கும்போது நான் வேணும், வேற கம்பெனிக்குப் போயிடக் கூடாது. காத்திருக்கிறதும் ஒரு வேலைதான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதுக்கு விலை கொடுத்தாங்க. நான் அக்காவைக் காத்திருக்க வெச்சேன், அதுக்கு விலை கொடுக்கலை. சம்பளம் வேலைக்குத்தான்னு ஹால்ல நான் பேசினது, என் சம்பளத்துக்கு மட்டும் பொருந்தாத நியாயமா இருந்துச்சு. பெஞ்சுல இருந்த எனக்கு அது ஒரு நொடி கூட உறைக்கலை. அதுதான் இன்னைக்கு வரைக்கும் பயமா இருக்கு. பொய் சொல்லியிருந்தா கூட, பொய்னு தெரிஞ்சிருக்கும். நான் உண்மையாவே நியாயம் பேசுறதா நம்பினேன்.

இதுக்கு மறுபக்கம் இருக்கு. கம்பெனி கிட்ட இருப்பு இருக்கு, ஒரு வீட்டுல அது இருக்காது. வேலை போன ஒருத்தர் கிட்டப் போய் வேலைக்காரம்மாவுக்கு முழுச் சம்பளம் கொடுத்தியான்னு கேட்க முடியாது. சம்பளம் குறைஞ்ச என் ரூம்மேட் பாதி கொடுத்திருந்தா கூட அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கும். (கொடுக்கலாம்னு சொன்னது அவன்தான்ங்கிறது வேற விஷயம்.) எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாதுன்னு எனக்கும் தெரியுது. என் வரைக்கும் ரெண்டு கேள்விதான். வராதேன்னு சொன்னது யார்? நாங்க. கொடுக்கிறதால எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு குறைஞ்சிருக்குமா? குறைஞ்சிருக்காது. இந்த ரெண்டுக்கும் பதில் தெளிவா இருக்கும்போது, மிச்ச வாதமெல்லாம் புத்திசாலித்தனம்தான்.

அந்த விரத ஃபார்வர்டையும் திரும்ப யோசிச்சேன். நான் சஷ்டி விரதம் இருந்தா, பசி என்னோடது. பக்கத்து வீட்டுக்காரர் பசிக்கிறதை நான் விரதம்னு எழுதிக்க முடியாது. ஊரடங்குல நான் எதை விட்டேன்? டீக்கடை, சினிமா, கோயில். மூணும் திரும்ப வந்துடுச்சு. பால் பாக்கெட் தினமும் விடிகாலையில கேட்டுக்கு வந்துச்சு, குப்பை வண்டி ஒரு நாள் நிக்கலை. ஏப்ரல் 26-லிருந்து நாலு நாள் மளிகைக் கடை கூட மூடினப்போ, முந்தின நாள் கூட்டத்துல முண்டியடிக்காம ஆன்லைன்ல முன்னாடியே வாங்கி வெச்சிருந்தோம். அதைத் தூக்கிட்டு வந்த பையனை கேட்லயே நிறுத்தி, பைக்கு மேல டெட்டால் தண்ணி தெளிச்சோம். நான் பத்திரமா உள்ளே இருக்க, யாரோ பத்து பேர் வெளியே போனாங்க. ஒருத்தரை வரவும் விடலை, அவங்க வருமானத்தையும் நிறுத்தினேன். வீட்டுக்குள்ள இருந்ததைத் தப்புன்னு சொல்லலை, இருந்துதான் ஆகணும். ஆனா அதை என் விரதம்னு சொல்லிக்கிட்டது கூசுது.

இன்னொண்ணு, இதைச் சொல்லத்தான் தயக்கம். கந்தர் அலங்காரத்துல அருணகிரிநாதர் பல பாட்டுல இல்லாதவங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொல்றார். அந்த மே மாசம் முழுக்க நான் தினமும் அந்தப் பாட்டையெல்லாம் சத்தமா, ராகமா படிச்சிருக்கேன். ஹால்ல அந்த வாதம் பேசின அன்னைக்குக் காலையிலயும் படிச்சேன். உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு.

அக்டோபர்ல ரூம்மேட் ரெண்டு பேர் கிட்டயும் பேசினேன். மேல பாக்கி பாதி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுசு. 2,250-உம் 13,500-உம் சேர்ந்து 15,750. சம்பளம் குறைஞ்சவன் தன் பங்கை அப்பவே ஜிபே பண்ணான், ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. இன்னொருத்தன் ஊருக்கே போயிட்டான், வேலையும் மாத்திட்டான். அவன் கிட்டக் கேட்க எனக்கு வாய் வரலை, வாதம் என்னோடதுங்கிறதால அவன் பங்கையும் நானே போட்டேன். அக்காவுக்கு போன் பண்ணேன்.

"அக்கா, மே மாசத்துல இருந்து உங்களுக்குப் பாக்கி இருக்கு. அனுப்பட்டுமா?"

"என்ன பாக்கி தம்பி?"

"சம்பளம்க்கா."

"நான்தான் வரவே இல்லையே. வேலை செய்யாம எப்படித் தம்பி சம்பளம் வாங்குறது?"

ஹால்ல நான் கேட்ட அதே கேள்வி. கிட்டத்தட்ட அதே வார்த்தை. நான் கேட்டப்போ அது காசை மிச்சம் பிடிக்கிற பேச்சு. அவங்க கேட்டப்போ அது வேற எதுவோ. எனக்குப் பேச வரலை. அப்புறம் பெஞ்சைப் பத்திச் சொன்னேன். எனக்கும் ரெண்டு மாசம் வேலை இல்லை, ஆனா கம்பெனி சம்பளம் கொடுத்துச்சு, அதே மாதிரி நினைச்சுக்கோங்கன்னு.

"அது உங்க படிப்புக்குக் குடுக்குறாங்க தம்பி"ன்னாங்க.

இதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை. அவங்க குறையா சொல்லலை, பெருமையாத்தான் சொன்னாங்க, அவங்க பையனும் என்னை மாதிரி படிக்கணும்ங்கிற மாதிரி. என் சமையலுக்கு அவங்க கத்துக்கிட்டு வந்த கைப்பக்குவம் படிப்பு இல்லையா, இருபது வருஷ அனுபவம் இல்லையான்னு கேட்டிருக்கலாம். தோணலை.

ரொம்ப நேரம் பேசினப்புறம் ஒத்துக்கிட்டாங்க. பையனுக்கு ஆன்லைன் கிளாஸுக்காகப் போன் வாங்கின கடன் இருந்துச்சாம். "சரி தம்பி, கைமாத்தா வாங்கிக்கிறேன். மெதுவாத் திருப்பிடுறேன்." கைமாத்து இல்லக்கா, உங்க காசுக்கான்னு எத்தனையோ தடவை சொன்னேன். "ஆகட்டும் தம்பி, ஆகட்டும்"னு வெச்சுட்டாங்க. பையன் நம்பருக்கு 15,750 அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

நவம்பர் 5-ஆம் தேதி அந்த நம்பர்ல இருந்து எனக்கு 500 ரூபாய் வந்துச்சு. உடனே திருப்பி அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல அக்கா போன். "தம்பி, ஏதோ தப்பாப் போயிடுச்சு போல, காசு திரும்ப வந்துடுச்சு. பையனைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கேன்." வந்துச்சு. டிசம்பர் 5 இன்னொரு 500. ஜனவரி 5 இன்னொண்ணு. மாசம் 500-ன்னா மொத்தத்துக்கு முப்பத்தொன்றரை மாசம் ஆகும், இந்தக் கணக்குப் போடுற புத்தி மட்டும் போகலை.

திருப்பி அனுப்பினா, அவங்க வாங்கின கடனை அவங்க அடைக்க விடாம நான் தடுக்கிறேன். வெச்சுக்கிட்டா, அவங்க சம்பளத்தை நான் கடனா மாத்தி, தவணையில திரும்ப வாங்கிட்டு இருக்கேன். ரூம்மேட் கிட்டக் கேட்டேன். பையன் பேர்ல தபால் ஆபீஸ்ல ஆர்.டி. போடலாம்ங்கிறான். அதுவும் திரும்ப நான் கொடுக்கிறவனா ஆகுற வழி மாதிரியே இருக்கு.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விட்டாங்க, வடபழனிக்குப் போனேன். நின்னேன், கும்பிட்டேன். எதையும் கேட்கத் தோணலை.

அந்த 1,500 அப்படியே கிடக்கு. நாளைக்கு பிப்ரவரி 5.